ஐடிலில் உறிஞ்சும், பூஸ்ட்டில் ஊதும்: டர்போ இன்ஜினில் வேக்குவம் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

டர்போ பொருத்திய பெட்ரோல் காரில் ஐடில், அதாவது மிதிக்காமல் நிற்கும்போது இன்ஜின் ஓடும் ஓட்டம், கெட்டுப்போனால் பல ஒர்க்‌ஷாப்புகளில் வரிசையாகப் பொருட்கள் மாறத் தொடங்கும். முதலில் பிளக், அடுத்து காயில், பிறகு மாஃப் சென்சார் (உள்ளே வரும் காற்றை அளப்பது), கடைசியில் த்ராட்டில் பாடி (காற்றின் வழியைத் திறந்து மூடும் தகடு உள்ள பகுதி). இவ்வளவும் மாற்றிய பிறகும் சிக்னலில் நிற்கும்போது வண்டி பழையபடியே நடுங்கிக்கொண்டிருக்கும். இப்படிச் செலவழித்துவிட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, என்ன மாற்றினீர்கள் என்பதல்ல. கோளாறு எப்போது வருகிறது என்பதுதான். நிற்கும்போதா, மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா? குளிர்ந்த இன்ஜினிலா, சூடான பிறகா? டர்போ இன்ஜினில் இந்த "எப்போது" தெரிந்துவிட்டால் காற்றுப் பாதையில் ஓட்டை எங்கே என்பது பாதி தெரிந்த மாதிரி.

இங்கே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 1.8 டர்போ, 1781 சிசி, சிலிண்டருக்கு 5 வால்வு வீதம் 20 வால்வு கொண்ட இன்ஜின். ஆடி ஏ4, பஸாட், கோல்ஃப் எனப் பல வண்டிகளில் வந்தது. இந்தியச் சாலைகளில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரில் பார்த்திருப்பீர்கள். இந்த வயதுடைய இன்ஜினில் ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் முதுமை அடைந்திருக்கும் என்பதால் படிப்பதற்கும் இது நல்ல பாடம். முறை மற்ற பெட்ரோல் டர்போக்களுக்கும் பொருந்தும். டீசலுக்குப் பொருந்தாது, அங்கே வேக்குவத்தை (வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தை) தனி பம்ப் உண்டாக்குகிறது, கதையே வேறு.

முதலில் மூன்று பகுதிகள்

ஏர் ஃபில்டரிலிருந்து சிலிண்டர் வரை காற்று போகும் பாதையை மூன்றாகப் பிரித்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பகுதி, மாஃப் சென்சாருக்கும் டர்போவின் வாய்க்கும் இடையே. இங்கே எப்போதும் லேசான உறிஞ்சல் இருக்கும். மிதிக்க மிதிக்க அது கூடும். இரண்டாம் பகுதி, டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக த்ராட்டில் வரை. ஐடிலில் இங்கே ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்தான். பூஸ்ட் (டர்போ அழுத்தித் தரும் காற்று) ஏறினால் உள்ளிருந்து வெளியே தள்ளும். மூன்றாம் பகுதி, த்ராட்டில் தகட்டுக்குப் பின்னால் உள்ள இன்டேக் மேனிஃபோல்டும் அதிலிருந்து கிளம்பும் எல்லா மெல்லிய ஹோஸ்களும். ஐடிலில் இங்கே கடுமையான வேக்குவம். பூஸ்ட்டில் அதே குழாய்களுக்குள் அழுத்தம். டர்போ இல்லாத காரில் இந்தப் பகுதி உறிஞ்ச மட்டுமே செய்யும். டர்போ காரில் உறிஞ்சுவதும் ஊதுவதும் ஒரே ஹோஸில் மாறிமாறி நடக்கிறது. அதனால்தான் இங்கே இத்தனை செக் வால்வுகள் (ஒரு பக்கம் மட்டும் காற்றை விடுபவை) இருக்கின்றன. ஹோஸ்களும் இவ்வளவு சீக்கிரம் களைத்துப்போகின்றன.

முதல் பகுதியில் ஓட்டை இருந்தால் மாஃப் சென்சார் அளக்காத காற்று உள்ளே வரும். மிதிக்க மிதிக்க அதிகமாக வரும். இரண்டாம் பகுதியில் ஓட்டை இருந்தால் ஐடில் நன்றாகவே இருக்கும். பூஸ்ட்டில், ஏற்கெனவே அளந்து கணக்கில் எடுத்த காற்று வெளியே போய்விடும், பெட்ரோல் மட்டும் மிஞ்சும், கரும்புகை வரும். மூன்றாம் பகுதியில் ஓட்டை இருந்தால் ஐடிலில் பெட்ரோல் போதாது, பூஸ்ட்டில் பெட்ரோல் மிகையாகும். ஒரே ஓட்டை, இரண்டு எதிரெதிர் அறிகுறிகள். இந்த ஒரு பத்தி மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் சரிபார்க்கும் வேலைதான்.

ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது, மிதித்தால் சரியாகிவிடுகிறது

இதுதான் அதிகம் வரும் புகார். முள் 700-க்கும் 1200-க்கும் இடையே ஊஞ்சலாடும். ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டாலே அமைதியாகிவிடும். சந்தேகம் நேராக மூன்றாம் பகுதிக்குப் போக வேண்டும்.

சிறிய ஓட்டைக்கு ஏன் இவ்வளவு ஆட்டம் என்று கேட்பார்கள். கணக்குப் போட்டால் விளங்கிவிடும். சூடான இன்ஜின் ஐடிலில் எடுத்துக்கொள்ளும் காற்று வினாடிக்கு ஏறக்குறைய 3 கிராம்தான். மேனிஃபோல்டுக்குள் அப்போது இருக்கும் அழுத்தம் 30 முதல் 40 கிலோபாஸ்கல்; வெளியே 101. உள்ளே இருக்கும் அழுத்தம் வெளி அழுத்தத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டால், சிறு துளை வழியாக நுழையும் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் உள்ளே எவ்வளவு வேக்குவம் கூடினாலும் அளவு கூடாது. 2 மி.மீ. துளை ஒன்று இந்த நிலையில் வினாடிக்கு அரை கிராம் காற்றை உள்ளே விடும். ஐடிலில் அது மொத்தக் காற்றில் ஆறில் ஒரு பங்கு. 2500 ஆர்பிஎம்மில் இன்ஜின் 10 கிராமுக்கு மேல் எடுக்கும்போது அதே அரை கிராம் 5 சதவீதத்துக்கும் குறைவு. மிதித்தால் கோளாறு "மறைந்துவிடுவது" இதனால்தான். ஓட்டை அப்படியேதான் இருக்கிறது, அதன் பங்குதான் சுருங்கிவிடுகிறது.

ஸ்கேனரில் பார்க்க வேண்டியதும் இதையேதான். நீண்டகால எரிபொருள் திருத்தம் (இசியு, அதாவது இன்ஜினின் கணினி, பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடும் சதவீதம்) ஐடிலில் எவ்வளவு, 2500-ல் எவ்வளவு என்று இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஐடிலில் +18, 2500-ல் +4 என்று வந்தால் மூன்றாம் பகுதியில் காற்று எடுக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி. ஃபோக்ஸ்வாகன் குழுமத்து வண்டியில் விசிடிஎஸ் என்ற ஸ்கேன் மென்பொருள் வைத்திருப்பவர்கள் 032-ஆம் அளவீட்டுத் தொகுதியைத் திறந்தால் முதல் கட்டம் ஐடில் திருத்தம், இரண்டாவது கட்டம் ஓட்டத்தின் திருத்தம். குறியீடாக வந்தால் பி 0171 அல்லது பி 1136 இருக்கும் (இரண்டும் பெட்ரோல் போதவில்லை என்று சொல்பவை). கூடவே 003-ஆம் தொகுதியில் மாஃப் அளவையும் பாருங்கள். இந்த வண்டிகள் பலவற்றில் த்ராட்டில் மின்சாரத்தால் இயங்குவதால், ஓட்டை வழியாக வந்த காற்றை ஈடுகட்ட இசியு தகட்டைக் கொஞ்சம் மூடிவிடும். ஆர்பிஎம் சரியாகத் தெரியும், மாஃப் அளவு மட்டும் 3-லிருந்து 2.4-க்கு இறங்கியிருக்கும். இந்தச் சிறு வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு மாஃப் சென்சார் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கிப் போடுகிறார்கள். பாவம், சென்சார் தன் வழியாக வந்த காற்றை உள்ளபடியே சொல்லியிருக்கிறது.

அப்படி ஒரு வண்டி என்னிடம் வந்தது. நான்கு காயில், மாஃப் சென்சார், ஆக்சிஜன் சென்சார் எல்லாம் புதிது. ஐடிலில் திருத்தம் +19, மாஃப் 2.4. பானெட்டைத் திறந்து பார்த்தால் எல்லா ஹோஸும் பளபளவென்று இருந்தது. ஆர்மரால் பாலிஷோ வேறு எதுவோ பூசித் துடைத்திருந்தார்கள். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் கிரான்க்கேஸிலிருந்து (இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து) வரும் மூச்சுக்குழாய் ஒன்று வளைந்து போகிறது. மேலிருந்து பார்த்தால் அதன் முதுகு மட்டும்தான் தெரியும். சிறு கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தும் ஒன்றும் புலப்படவில்லை. கையை அடியில் விட்டுத் தடவினேன். வளைவின் உட்புறம், வெயிலில் வைத்த வெல்லம்போல இளகிக் கிடந்தது. விரலை அழுத்தியதும் நகக்கண் அளவு பிளவுக்குள் போய்விட்டது. இன்ஜினின் ஓசை உடனே மாறியது. வெளியே எடுத்த விரலில் கரிய பசை. ஆயில் ஆவி ஆண்டுக்கணக்கில் ரப்பரை உள்ளிருந்தே தின்றிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், இந்த ஹோஸ்களைக் கண்ணால் சோதிக்காதீர்கள், விரலால் சோதியுங்கள். இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, ஒவ்வொன்றையும் கிள்ளிப் பாருங்கள். விறைத்துப்போய் வெடிப்பு விடுவதும் கெட்டதுதான், சதைபோல அமுங்குவதும் கெட்டதுதான்.

கையால் கண்டுபிடிக்க முடியாவிட்டால் கிள்ளும் சோதனை. ஐடிலில் ஓடவிட்டு, மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஹோஸ்களை ஒவ்வொன்றாக, மேனிஃபோல்டுக்கு மிக அருகில், துணி சுற்றிய பிளையரால் நெரியுங்கள். நெரித்ததும் ஆட்டம் நின்றால் ஓட்டை அந்த ஹோஸிலோ அது போய்ச் சேரும் உறுப்பிலோ இருக்கிறது. நான் போகும் வரிசை இது: கிரான்க்கேஸ் மூச்சுக்குழாய், பிரேக் பூஸ்டர் ஹோஸ், பெட்ரோல் டேங்க் ஆவியை இழுக்கும் என் 80 வால்வு, எரிபொருள் அழுத்த ரெகுலேட்டருக்குப் போகும் மெல்லிய குழாய், டைவர்ட்டர் வால்வுக்கு (காலை எடுக்கும்போது மிகைப் பூஸ்ட்டை டர்போவின் முன்பக்கம் திருப்பிவிடுவது) போகும் குழாய், அதை இயக்கும் என் 249 சோலினாய்டும் அதன் வேக்குவம் சேமிப்புக் குடுவையும், கடைசியாகத் துணைக் காற்று வால்வு. இவற்றில் எதிலும் மாற்றம் இல்லையென்றால் மிஞ்சுவது இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளும் மேனிஃபோல்டு கேஸ்கெட்டும்.

ரெகுலேட்டர் குழாயைக் கழற்றும்போது முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ துளி தெரிந்தாலோ உள்ளே டயாஃபிரம் கிழிந்து மேனிஃபோல்டு பச்சைப் பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருக்கிறது. 3 பார் ரெகுலேட்டர் உள்ள வண்டியில் குழாய் மாட்டியிருக்கும்போது ஐடிலில் 2.5 பார் அளவும், கழற்றினால் 3 பாரும் காட்ட வேண்டும். இந்த அரை பார் வித்தியாசம் வராவிட்டால் ரெகுலேட்டருக்கு வேக்குவம் போய்ச் சேரவில்லை.

ஒரு எச்சரிக்கை, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கார்ப் கிளீனர், பெட்ரோல், கேஸ் எதையும் தெளித்து ஓட்டையைத் தேடாதீர்கள். பழைய இன்ஜின்களில் அப்படித்தான் பழகினோம். ஆனால் டர்போ வண்டியில் எக்சாஸ்ட் மேனிஃபோல்டும் டர்போவின் சூடான பாதியும் பக்கத்திலேயே தகித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு தெளிப்பு அங்கே பட்டால் வண்டியே போய்விடும், கையும் போய்விடும். சந்தேகப்படும் மூட்டுகளில், சூடான பகுதியில் படாமல், ஸ்பிரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாலே போதும். ஓட்டை தண்ணீரை இழுக்கும் கணத்தில் ஐடிலின் ஓசை மாறும். புகை இயந்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதையும் 0.07 பாருக்கு உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். புகை மெல்லக் கசிய வேண்டும், பீறிட வேண்டியதில்லை.

இன்னொன்று: மாஃப் சென்சாரே இல்லாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை மட்டும் வைத்துக் கணக்கிடும் டர்போ இன்ஜின்கள் பல வந்துவிட்டன. அவற்றில் ஓட்டை வழியாக வரும் காற்றும் அழுத்தமாகச் சென்சாருக்குத் தெரிந்துவிடும். பெட்ரோலும் அதற்கேற்பக் கூடும். திருத்தம் பெரிதாக மாறாது, வண்டி தானாக ரேஸ் ஆகும், பி 0507 வரும். அங்கே திருத்தத்தை நம்பாமல் ஐடிலில் மேனிஃபோல்டு அழுத்தம் 40 கிலோபாஸ்கலைத் தாண்டி நிற்கிறதா என்று பாருங்கள்.

காலையில் மட்டும் ஆட்டம், சூடானதும் சரி

ஆக்சிஜன் சென்சார் சூடேறி வேலைக்கு வரும்வரை இசியு வெறும் கணக்கை நம்பித்தான் பெட்ரோல் விடுகிறது. அதனால் சிறு ஓட்டைகூடக் காலையில் பெரிதாகத் தெரியும். அத்துடன் சில மூட்டுகள் குளிரில் சுருங்கிக் காற்று எடுக்கும், சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். இன்ஜெக்டர் ஓ-ரிங் இந்த வகைக்கு முதல் ஆள். அதனால் இந்தப் புகாருடன் வரும் வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே சோதிக்க வேண்டும். வழியில் ஓட்டி வந்து சூடாக்கிவிட்டுச் சோதித்தால் ஒன்றும் கிடைக்காது.

வேக்குவத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு காரணமும் உண்டு: கூலன்ட் வெப்பநிலை சென்சார். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஸ்கேனரில் அந்த அளவைப் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் அதுவும், உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 28 டிகிரி, கூலன்ட் 70 டிகிரி என்றால் ஹோஸ்களைத் தொடவே வேண்டாம். இந்த இன்ஜினில் பழைய கருப்பு நிறச் சென்சாருக்குப் பதிலாகப் பின்னாளில் பச்சை நிறச் சென்சார் வந்தது. இன்னும் கருப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள், விலையும் அதிகமில்லை.

ஐடில் நன்றாக இருக்கிறது. பிக்கப் இல்லை, கரும்புகை, உஸ்ஸென்ற ஓசை

இரண்டாம் பகுதி. இன்டர்கூலர் ஹோஸ், அதன் கிளாம்ப், டைவர்ட்டர் வால்வு. குறியீடு பி 1297 அல்லது பி 0299. ஹோஸ் முனைகளைச் சுற்றிலும் ஆயில் ஈரமும் அதில் ஒட்டிய தூசும் இருக்கிறதா என்று பாருங்கள். டர்போவிலிருந்து வரும் காற்றில் மெல்லிய ஆயில் ஆவி எப்போதும் இருக்கும். காற்று தப்பும் இடத்தில் அது படிந்து அடையாளம் வைத்துவிடும். கிளாம்பின் ஒரு பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் ஹோஸ் சரியாக உட்காரவில்லை என்று பொருள். கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாலே சரியாகிவிடக் கூடும்.

டைவர்ட்டர் வால்வைக் கழற்றிக் கையில் வைத்தே சோதிக்கலாம். உள்ளிருக்கும் பிஸ்டனை விரலால் மேலே தள்ளுங்கள், பக்கத்திலிருக்கும் மெல்லிய முனையை மற்றொரு விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை விடுங்கள். அது அப்படியே நிற்க வேண்டும். மெல்ல மெல்ல இறங்கி வந்தால் டயாஃபிரம் கிழிந்துவிட்டது. கிழிந்த டயாஃபிரம் பூஸ்ட்டையும் கெடுக்கும். மேனிஃபோல்டிலிருந்து வரும் மெல்லிய குழாய் வழியாக ஐடிலில் காற்றும் எடுக்கும். இரண்டு பகுதிகளிலும் ஒரே நேரத்தில் அறிகுறி தெரிந்தால் இந்த வால்வை முதலில் கழற்றுவது என் வழக்கம்.

எதுவும் தெரியாவிட்டால் அழுத்தச் சோதனை. டர்போவின் வாயில் பொருந்தும் பிவிசி மூடியில் ஒரு வால்வு முனை பொருத்தி, ரெகுலேட்டர் வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விட்டு, மூட்டுகளில் சோப்பு நீர் தடவி நுரை வருகிறதா என்று பாருங்கள். கிரான்க்கேஸ் மூச்சுக்குழாய் டர்போவுக்கு முன்னால் சேரும் இடத்தை மறக்காமல் அடையுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் இன்ஜின் வயிற்றுக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளும். 0.5 பார் போதும். ஓட்டையைக் கண்டுபிடிக்கத்தான் காற்று, ஹோஸின் பலத்தைச் சோதிக்க அல்ல.

ஐடிலும் மோசம், ஆயிலும் கசிகிறது

டிப் ஸ்டிக் தானாக மேலே எழும்பி நிற்கிறது, வால்வு கவரைச் சுற்றி ஆயில் ஈரம், எப்போதாவது நீலப்புகை, கூடவே ஐடில் ஆட்டம். கேஸ்கெட் கேஸ்கெட்டாக மாற்றியும் கசிவு நிற்காத வண்டிகள் பெரும்பாலும் இந்த வகைதான். இங்கே ஆயிலைத் துரத்தாமல் காற்றைத் துரத்த வேண்டும்.

பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி வரும் வாயுவை ஐடிலில் மேனிஃபோல்டு வேக்குவம் ஒரு செக் வால்வு வழியாக இழுத்துக்கொள்கிறது. பூஸ்ட் ஏறியதும் அந்த செக் வால்வு மூடிக்கொள்ள வேண்டும். வாயு அப்போது டர்போவின் முன்பக்கக் குழாய்க்குத் திரும்பும். செக் வால்வு மூட மறந்தால் டர்போ அழுத்தும் காற்று நேராகக் கிரான்க்கேஸுக்குள் புகுந்துவிடும். ஆயில் வெளியேற வழி தேடித்தானே ஆக வேண்டும்! வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து ஊதிப் பாருங்கள்: மேனிஃபோல்டை நோக்கிக் காற்று போக வேண்டும், எதிர்ப்பக்கம் ஒரு மூச்சும் போகக் கூடாது. கொஞ்சம்தான் போகிறது என்றாலும் மாற்றிவிடுங்கள். புதிதை மாட்டும்போது அம்புக்குறியைக் கவனியுங்கள். தலைகீழாக மாட்டப்பட்டவற்றை நானே கண்டிருக்கிறேன்.

அடுத்து ஆயில் மூடிச் சோதனை. ஐடிலில் மூடியைத் திறந்தால் இந்த இன்ஜின் சற்றுத் தடுமாறும்; அளக்காத காற்று உள்ளே போவதால் அது இயல்பு. எந்த மாற்றமும் இல்லையென்றால் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது அல்லது வேறெங்கோ ஏற்கெனவே பெரிய ஓட்டை இருக்கிறது. மூடியை எடுக்கவே முடியாதபடி உள்ளே இழுத்துப் பிடித்தால் வேக்குவத்தைக் கட்டுப்படுத்தும் தட்டையான ரெகுலேட்டர் வால்வின் டயாஃபிரம் போய்விட்டது. அப்போது பின்பக்க ஆயில் சீலிலிருந்து விசில்போன்ற ஓசைகூட வரும். இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் டிப் ஸ்டிக்கை எடுத்துவிட்டு அதன் குழாயில் மெல்லிய ரப்பர் கையுறையின் விரல் ஒன்றை மாட்டுங்கள். ஐடிலில் அது லேசாக உள்ளே சுருங்க வேண்டும். பலூன்போல உப்பினால் கிரான்க்கேஸில் அழுத்தம் இருக்கிறது. மூச்சுப் பாதை முழுவதும் சுத்தமாக இருந்தும் உப்பினால் கம்ப்ரஷன் சோதனைக்குப் போக வேண்டியதுதான்.

பிரேக் மிதித்தால் ஐடில் மாறுகிறது

இந்த அறிகுறி தெரிந்தால் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு இதை முதலில் பாருங்கள். இது ஐடில் பிரச்சினை மட்டுமல்ல, வண்டி நிற்குமா என்ற பிரச்சினை. இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை நான்கைந்து முறை மிதித்து இறுக்கமாக்குங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் ஓர் அங்குலத்துக்குள் தானாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை. மிதித்திருக்கும்போது காலடியில் உஸ்ஸென்று கேட்டால் பூஸ்டர் டயாஃபிரமே காற்று எடுக்கிறது. பூஸ்டர் ஹோஸில் உள்ள செக் வால்வையும், சில வண்டிகளில் அதன் பக்கத்திலேயே வேக்குவத்தைக் கூட்டித்தரும் உறிஞ்சு குழலையும் பாருங்கள். அந்தக் குழல் பிளாஸ்டிக். மூட்டில் மயிரிழை வெடிப்பு விடும், கையால் வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜின்கள் பலவற்றில் பிரேக்குக்கென்று தனி பம்ப் உண்டு. அங்கே பெடல் கடினமானால் பம்பையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். எதுவானாலும் சரிசெய்யும்வரை அந்த வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.

வேகத்திலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் ஆஃப் ஆகிறது

சிக்னலை நெருங்கும்போது கிளட்ச் மிதித்ததும் ஆர்பிஎம் விழுந்து, சில நேரம் அணைந்தே போகிறது. முதல் கேள்வி: டைவர்ட்டர் வால்வுக்குப் பதிலாக வெளியே காற்றை விடும் வால்வு மாட்டியிருக்கிறீர்களா? ஓசைக்காகப் பலர் மாட்டுகிறார்கள். மாஃப் சென்சார் உள்ள வண்டியில், அளந்த காற்றைச் சுற்றி அனுப்பாமல் வெளியே விட்டால் இசியு இல்லாத காற்றுக்குப் பெட்ரோல் விடும். அந்தக் கணத்தில் இன்ஜின் மூச்சுத்திணறும். பழைய வால்வை மாட்டி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் த்ராட்டில் தகட்டின் விளிம்பில் படிந்த கரி. தகடு மூடும் அந்த மயிரிழை இடைவெளியில்தான் ஐடில் காற்று போகிறது. கழற்றி, துணியில் கிளீனர் நனைத்துத் துடையுங்கள். மின்சார த்ராட்டிலைக் கையால் பலமாகத் திறக்காதீர்கள், உள்ளே பல்சக்கரங்கள் பிளாஸ்டிக். மாட்டிய பிறகு அடாப்டேஷன் (தகட்டின் நிலையை இசியுவுக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது) கட்டாயம்: இக்னிஷன் ஆன், இன்ஜின் ஓடக் கூடாது, மின்சார த்ராட்டிலுக்கு 060-ஆம் தொகுதி, கேபிள் த்ராட்டிலுக்கு 098. பேட்டரி 11.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அது முடியாது. துடைத்துவிட்டு இதைச் செய்யாமல் விட்டால் ஐடில் முன்பைவிட மோசமாகி, நல்ல த்ராட்டிலைத் தூக்கி எறிய நேரும்.

பெட்ரோல் போட்டவுடன் ஸ்டார்ட் ஆகத் தகராறு

என் 80 வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. கனெக்டரைக் கழற்றிவிட்டு ஊதுங்கள். மின்சாரம் இல்லாதபோது காற்று போகவே கூடாது. போனால் மாற்றுங்கள்.

மிதித்தால்தான் மிஸ்ஸிங், திருத்தம் சரியாக இருக்கிறது

மிஸ்ஸிங் என்றால் ஒரு சிலிண்டர் எரியத் தவறுவது. இது வேக்குவம் அல்ல. வேக்குவம் ஓட்டையின் மிஸ்ஸிங் ஐடிலில் அதிகம், மிதித்தால் குறையும். காயில், பிளக் மிஸ்ஸிங் சுமை ஏறும்போது கூடும், ஏனென்றால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூடப் பொறி தாண்டுவது கடினம். எந்தச் சிலிண்டர் என்று பார்த்து அதன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே நகர்ந்தால் குற்றவாளி அதுவே. ஒரே சிலிண்டரில் ஐடிலில் மட்டும் மிஸ்ஸிங், காயில் மாற்றியும் நகரவில்லை என்றால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் ஓ-ரிங்கைப் பாருங்கள்.

திருத்தம் ஐடிலில் சாதாரணமாகவும் மிதிக்க மிதிக்கக் கூடிக்கொண்டும் போனால், முதல் பகுதியில் ஓட்டை, அழுக்கான மாஃப் சென்சார், சோர்ந்த பெட்ரோல் பம்ப் என்று மூன்றில் ஒன்று. ஆயில் தடவிய ஏர் ஃபில்டர் போட்டிருந்தால் மாஃப்பை முதலில் சந்தேகிக்கலாம். அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள்; இசியு தன் மாற்றுக் கணக்குக்குப் போய்விடும். அப்போது வண்டி முன்பைவிட நன்றாக ஓடினால் மாஃப்தான். முழு மிதியில் அது காட்ட வேண்டிய அளவுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: குதிரைத்திறனில் 80 சதவீதம் கிராமாக வர வேண்டும். 150 குதிரைத்திறன் இன்ஜின் என்றால் வினாடிக்கு 120 கிராம் அளவில்.

ஓட்டையே இல்லை, ஆனால் வேக்குவம் குறைவு

வேக்குவம் கேஜை த்ராட்டிலுக்குப் பின்னால் இணைத்துப் பாருங்கள். பூஸ்ட்டையும் தாங்கும் இரட்டைக் கேஜாக இருக்கட்டும், இல்லாவிட்டால் முதல் மிதியிலேயே முள் வளைந்துவிடும். கடல்மட்டத்தில் நல்ல இன்ஜின் 18 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்டி அசையாமல் நிற்கும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். சென்னையில் 20 காட்டும் அதே இன்ஜின் 2240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 13 அளவில்தான் காட்டும். மலையூரில் இருப்பவர்கள் இதை மறந்து நல்ல இன்ஜினைப் பிரிக்க வேண்டாம்.

முள் அசையாமல் 14, 15-ல் நின்று, ஓட்டையும் கிடைக்காவிட்டால் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம். சீரான இடைவெளியில் முள் சட்டென்று விழுந்து எழுந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. 2500-ல் நிறுத்திப் பிடித்திருக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எக்சாஸ்ட் அடைத்திருக்கிறது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பார்க்க வேண்டும்.

சரிசெய்த பிறகு

குறியீடுகளை அழித்துவிட்டு வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். பழைய திருத்தம் அழிந்ததும் எல்லா வண்டியும் கொஞ்ச நேரம் நன்றாகவே ஓடும். நகரத்திலும் நெடுஞ்சாலையிலுமாகச் சில நாட்கள் ஓட்டச் சொல்லி, திரும்ப வரவழைத்து, ஐடிலிலும் 2500-லும் திருத்தம் என்ற அதே இரண்டு அளவுகளை அதே சூட்டில் மறுபடி எடுங்கள். ஐடில் திருத்தம் கூட்டல் கழித்தல் 3-க்குள் நின்றால் வேலை முடிந்தது. 6, 7 என்று ஏறியிருந்தால் இரண்டாவது ஓட்டை ஒன்று இன்னும் இருக்கிறது. ஒரு ஹோஸ் இளகிய வயதில் அதன் பக்கத்து ஹோஸும் இளகித்தானே இருக்கும்.

மேலே சொன்ன அந்த வண்டியில் மூச்சுக்குழாயை மட்டும் மாற்றி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து வந்தபோது திருத்தம் +7. மறுபடி கையை விட்டுத் தடவினேன். பக்கத்தில் செக் வால்வுக்குப் போகும் சிறு முழங்கை ஹோஸ், அதே பசை. அதையும் மாற்றினோம். அடுத்த வாரம் +1.6, மாஃப் 3.1.